அந்த வரி எங்கே, மிஸ்?

உயர்தரப் பரீட்சைக்குப் பாடம் தெரிவு செய்யும் நாளன்று தமிழ், வரலாறு ஆகியவற்றோடு மூன்றாவதாக ஆங்கில இலக்கியம் என்று சொன்னேன். நான் பகிடி விடுகிறேனோ என்று பாடசாலை அதிபருக்குச் சந்தேகம். கொட்டாஞ்சேனையில் எங்கள் தமிழ்மொழிப் பெண்கள் பாடசாலையில் அந்தப் பாடத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. படிப்பிக்க ஆசிரியரும் இல்லை.

“வெளியில படிச்சுக்கொள்ளுவீரோ?” என்று கேட்டார்.

“ஓம் மிஸ்.”

“ரிசல்ட் வந்தாப்பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது.”

அழமாட்டேன் என்றேன். ஏன் அந்தப் பாடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாதாரணதரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு பழைய ஆங்கிலக் கதைத் தொகுப்பில் ஒரு கதை இருந்தது. தகப்பன் இறந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மகள் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. அவள் அழுதாள் என்று ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாதிச் சொற்களுக்கு அர்த்தம் தேடித் தேடி வாசித்த எனக்குத்தான் கண்ணீர் வந்தது. இதை எப்படிச் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் கைபேசி திருத்தும் சின்னக் கடை. அங்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ஆங்கில இலக்கியம் என்றால் வெள்ளவத்தை மிஸ்தான், கொழும்பில் வேறு ஆள் இல்லை என்று சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் புறக்கோட்டையில் பஸ் மாறி, காலி வீதியில் இறங்கி, கடல் பக்கம் போகும் ஒழுங்கையொன்றில் அந்த வீட்டைக் கண்டுபிடித்தோம். வாசலில் மீன்காரரோடு ஒரு பெண் பாரை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். நல்ல தமிழ். அவர்தான் மிஸ்.

மேல்மாடி வகுப்பறைக்கு எங்களைக் கூட்டிப்போனதும் அவருடைய தமிழ் நின்றுவிட்டது. அம்மா தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அம்மாவுக்கு விளங்காத இடங்களை நான் தமிழில் சொன்னேன். ஒரு தமிழ்ப் பெண் சொல்வதை எதிரிலேயே நிற்கும் இன்னொரு தமிழ்ப் பெண்ணுக்கு மொழிபெயர்த்துக்கொண்டு நின்றது அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. எப்படியாவது இடம் தந்தால் போதும் என்றிருந்தது.

வகுப்பில் அனேகமானவர்கள் ஹெவ்லொக் டவுன், பம்பலப்பிட்டிப் பக்கத்துப் பிள்ளைகள். சர்வதேசப் பாடசாலைகளில் சிறு வயதிலிருந்தே ஆங்கிலத்தில் படித்தவர்கள். வீட்டில் நாயோடும் ஆங்கிலத்தில் கதைப்பவர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை. அவளுடைய வாப்பாவுக்கு வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகில் துணிக்கடை. அவள்தான் முதல் நாளே தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தவள்.

மூன்றாவது கிழமையோ நான்காவது கிழமையோ, ஒரு கவிதையைச் சத்தமாக வாசிக்கும்படி மிஸ் என்னைக் கூப்பிட்டார். கடலோரத்தில் இருக்கும் ஒரு கல்லறையைப் பற்றிய கவிதை. வீட்டில் பல தடவை வாசித்துப் பார்த்திருந்தேன். அர்த்தமெல்லாம் எனக்குத் தெரியும். உச்சரிப்பு மட்டும் யாரிடமிருந்தும் கேட்டதில்லை. எழுத்தைப் பார்த்து நானாக உண்டாக்கிக்கொண்டது. கல்லறைக்கான அந்தச் சொல்லை ‘டூம்’ என்று சொல்ல வேண்டும். நான் ‘டொம்ப்’ என்று வாசித்தேன்.

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். மிஸ் கையை உயர்த்தினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“அந்த வரியை இன்னொரு முறை” என்றார் ஆங்கிலத்தில்.

பிழை எங்கே என்று சொல்லாமல் இன்னொரு முறை என்றால் நான் என்ன செய்வேன்? இன்னும் தெளிவாக, இன்னும் பலமாக ‘டொம்ப்’ என்றேன். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் கதிரையில் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, “கடைசியாக ஒரு முறை, எங்களுக்காக” என்றார். நானும் வாசித்தேன். அதுதான் இன்றைக்கும் எனக்குச் சூடு கிளப்புவது. திருத்துகிறார்கள் என்று நம்பி, கேட்டபோதெல்லாம் வாசித்தேன்.

பக்கத்தில் இருந்தவள்தான் மேசைக்குக் கீழே என் பாவாடையை இழுத்து, “டூம், டூம்” என்று கிசுகிசுத்தாள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் கீழே வந்தார். அம்மா வாசலில் கதிரையில் காத்திருந்தார். மிஸ் என் தோளில் கையை வைத்துக்கொண்டு அம்மாவிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இந்தப் பாடம் எல்லாப் பிள்ளைகளுக்குமானது அல்ல, வீட்டுப் பின்னணி ஒன்று வேண்டும், இப்போதே மாற்றினால் காலம் வீணாகாது. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “அம்மாவுக்குச் சொல்லு” என்றார்.

நான் சொன்னேன். “எனக்கு இந்தப் பாடம் சரிவராதாம் அம்மா. எங்கட வீட்டில அதுக்கு ஏத்த மாதிரி இல்லையாம்.”

அம்மா மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்து, தலையாட்டிவிட்டு, குடையை விரித்தார். பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டியது. பிறகு யன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

“என்ன நடந்தது மேல?”

சொன்னேன். டொம்ப், டூம், சிரிப்பு, எல்லாம்.

“விடப்போறியோ, படிக்கப்போறியோ?”

“படிக்கப்போறன்.”

“அப்ப அந்த மனுசிக்கு முன்னால ஒருநாளும் அழாத. அழுதா நான் உன்னைக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்.”

அடுத்த கிழமையிலிருந்து மிஸ் என்னை டொம்ப் என்றுதான் கூப்பிட்டார். “டொம்ப், கதவைச் சாத்து.” “இதற்கு டொம்ப் என்ன சொல்கிறாள் பார்ப்போம்.” அவர் செல்லமாகச் சொல்வது போலச் சொல்வார். வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ கல்லறைப் படத்தை ஸ்டிக்கராக்கிப் போட்டார்கள். மிஸ்ஸும் அந்தக் குழுவில் இருந்தார். சிரிக்கும் முகம் ஒன்றைப் போட்டார்.

அந்த முகத்தைப் பார்த்த பின்னேரம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுசியை ஒருநாள் இதே மாதிரி எல்லோருக்கும் முன்னால் வாயடைத்து நிற்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எப்படி என்று தெரியாது. அவர் படிப்பிக்கும் விஷயத்தை அவரைவிட நன்றாகத் தெரிந்துகொண்டால் வழி பிறக்கும் என்று மட்டும் தோன்றியது.

என் இலக்கியப் படிப்பு உண்மையில் அங்கேதான் தொடங்கியது. கடையில் அப்பா திருத்தித் தந்த பழைய கைபேசியில் உச்சரிப்புச் சொல்லும் அகராதி ஒன்றை இறக்கிக்கொண்டேன். பாடப் புத்தகத்தில் வரும் எந்தச் சொல்லையும் நம்புவதில்லை. தெரிந்த சொல்லையும் கேட்டுப் பார்த்தேன். கேட்டு, சொல்லி, என் குரலைப் பதிந்து, திரும்பக் கேட்டேன். பக்கத்து வீட்டு சிங்கள அன்ரி, “ஒயாகே துவட்ட பிஸ்ஸு ஹெதிலாத?” என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார், பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று. அம்மா, “படிக்கிறாள்” என்றிருக்கிறார்.

உச்சரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவந்தது. ஆனால் அது ஆயுதமாகாது என்று விரைவில் விளங்கியது. சரியாகச் சொன்னால் சிரிக்கமாட்டார்கள், அவ்வளவுதான். சிரிக்காமலிருப்பது எனக்குப் போதவில்லை.

ஆகவே புத்தகங்களுக்குள் போனேன். எங்களுக்கு ஒரு நாடகம் பாடமாக இருந்தது. விதவைத் தாயொருத்தி, நகரத்திலிருந்து திரும்பிவரும் மகன், அவளுக்குத் தெரியாமல் வீட்டை விற்றுவிட்டான். வகுப்பில் நாங்கள் நாடகத்தை வாசிப்பதே இல்லை. மிஸ் தன் குறிப்புகளைச் சொல்ல, எல்லோரும் எழுதுவார்கள். கதைச் சுருக்கம், பாத்திரங்கள், கருப்பொருள்கள். எழுதியதைப் பாடமாக்கிப் பரீட்சையில் கொட்ட வேண்டியதுதான். அந்தக் குறிப்புகளில் மிஸ் தடித்த கோடு போடச் சொன்ன கருப்பொருள் மன்னிப்பு. ‘இறுதிக் காட்சியில் தாய் மகனை மன்னிக்கிறாள். தாய்மையின் வெற்றி.’

நான் நாடகத்தை முதலிலிருந்து கடைசிவரை மொட்டை மாடியில் சத்தமாக வாசித்தேன். எல்லாப் பாத்திரங்களும் நானே. முதல் தடவை யார் யாரோடு கதைக்கிறார் என்பதே குழப்பமாக இருந்தது. அடுத்த தடவை, ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொல்லும் இடங்களைக் கவனிக்கத் தொடங்கினேன். தேநீர் ஊற்றிய மகளின் கதை ஞாபகம் வந்தது. சொல்லாமல் விடுகிற இடத்தில்தான் இவர்கள் விஷயத்தை வைக்கிறார்கள். இது எனக்கு யாரும் படிப்பித்ததல்ல. கோபத்தில் இருக்கும் ஆள் எதிரியின் வாயைப் பார்ப்பது போல அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கிடைத்தது.

கடைசிக் காட்சிக்கு வந்தபோது மன்னிப்பைத் தேடினேன். மகன் முழங்காலில் நின்று கெஞ்சுகிறான். தாய் ஒன்றும் சொல்வதில்லை. சாய்ந்த சிறிய எழுத்தில் நாடகாசிரியர் எழுதியிருந்தார்: அவள் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிறாள். பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். மகன் இருட்டில் நிற்கிறான். திரை.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கு மேல் ஒன்றுமில்லை. முன்பக்கங்களுக்குப் போனேன். எங்கேயும் இல்லை. அவள் மன்னிக்கவே இல்லை.

மாடியில் நின்று நான் சிரித்தேன். அந்தத் தாயை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

துணிக்கடைக்காரரின் மகளிடம் காட்டினேன். அவள் இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “மிஸ் இந்த நாடகத்த கடசி வரைக்கும் வாசிச்சி ஈக்க மாட்டாங்க” என்றாள். “எங்கயோ கைட் புக்ல எடுத்த நோட்ஸ். நீங்க கேக்கப்போறீங்களா?”

“ஓம்.”

“அல்லாவே. எனக்கு முன்வரிசையில இடம் வேணும்.”

கேட்டேன். அடுத்த சனிக்கிழமை மிஸ் மன்னிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தினேன்.

“யெஸ், டொம்ப்?”

நான் எழுந்து நின்று ஆங்கிலத்தில், மாடியில் ஒத்திகை பார்த்த மாதிரியே, அவசரப்படாமல் கேட்டேன். தாய் மகனை எந்த வரியில் மன்னிக்கிறாள், மிஸ்? அடிக்கோடு போட வேண்டும்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அங்கே இருக்கிறது, கடைசிக் காட்சியில் என்றார். கடைசிக் காட்சியில் தாய்க்கு ஒரு வசனமும் இல்லையே என்றேன். அவர் மறுபடி புரட்டினார். மற்றவர்களும் தங்கள் புத்தகங்களைத் திறந்தார்கள். முன்வரிசையில் முதலில் சிரித்தவள் தலையைக் குனிந்து பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“வரிகளில் எல்லாம் இருக்காது. உணர வேண்டும்” என்றார் மிஸ்.

“அப்போ யன்னல்களை ஏன் சாத்துகிறாள்?”

அவர் புத்தகத்தை மூடினார். முகம் சிவந்திருந்தது. அதன் பிறகு அவர் சொன்னதுதான் அந்த வீட்டு மேல்மாடியில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழ்.

“உமக்கு வாய் கூடிப்போச்சு. நீர் இனி இங்க வரத் தேவையில்லை.”

அன்றைக்குப் பாதியிலேயே பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே அம்மா எழுந்து நின்றார். “கலைச்சுப்போட்டா” என்றேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார், அழுகிறேனோ என்று. இல்லை என்று கண்டதும், “வா, ஒரு பால்தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்” என்றார்.

வேறு வகுப்புக்குப் போக வசதி வரவில்லை. துணிக்கடைக்காரரின் மகள் வகுப்பில் தொடர்ந்தாள். வகுப்பை விடுவதற்கு அவளுடைய வாப்பா சம்மதிக்கவில்லை. ஆனால் வகுப்பு நாட்களில் பின்னேரம் கடலோரத்து மெரின் டிரைவுக்கு வருவாள். ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கடலைப் பார்த்த மாதிரி ஒரு சீமெந்துக் கட்டில் இருந்து நாங்கள் இருவரும் படித்தோம். நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்போம். தாய் எப்போதும் நான்தான். ரயில் வரும்போது நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கவிதைகளுக்கு நாங்களாகவே ஒரு வழி வைத்திருந்தோம்: யார் கதைக்கிறார், யாரிடம், எதைச் சொல்லாமல் விடுகிறார். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை அடுத்த கவிதைக்குப் போவதில்லை. சில கவிதைகளோடு மாதக்கணக்கில் கிடந்தோம். அவளுக்கு அந்த மாலைகள் சந்தோஷமானவை. கடலைக்காரர் வருவார், சோளக்காரர் வருவார், காற்று வீசும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பும்போது அந்த மேல்மாடி எனக்குள் இருந்தது. சோர்ந்த நாட்களில் வேண்டுமென்றே அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். உடனே தூக்கம் போய்விடும்.

பரீட்சை எழுதினோம். நாடகத்தில் மன்னிப்பைப் பற்றித்தான் கேள்வி வந்தது. தாய் மன்னிக்கிறாளா, ஆராய்க. யன்னல்களிலிருந்து தொடங்கி எழுதினேன்.

பெறுபேறு வந்தபோது எனக்கு ஏ. அவளுக்கு பி. அதிபர் என்னைக் கூப்பிட்டு, பாடசாலைக்கு இதுதான் முதல் என்று சொல்லிப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்.

அந்தப் படம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று இரண்டு கிழமை கழித்துத் தெரிந்தது. அம்மாவும் நானும் தெஹிவளைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வெள்ளவத்தையில் பஸ் சிக்னலில் நின்றது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

“அங்க பார். அது நீயோ?”

ஒழுங்கை முனையில், மின்கம்பத்துக்கும் மதிலுக்கும் நடுவே கட்டிய பெரிய பனர். நடுவில் மிஸ்ஸின் படம். அவரைச் சுற்றி ஏ எடுத்த பிள்ளைகள். இரண்டாவது நான், சீருடையும் டையும், பாடசாலைப் படம். எனக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘கொட்டாஞ்சேனை’ என்றிருந்தது.

அப்பாவுக்குச் சொன்னதும் கடையை மூடிவிட்டு அப்போதே போய்க் கிழிக்கப்போவதாக நின்றார். நான்தான் பொறுக்கச் சொன்னேன். பொறுத்தது நல்லதாயிற்று. இரண்டு நாளில் மிஸ்ஸே கைபேசியில் அழைத்தார். தேன் சொட்டும் தமிழ்.

“எங்கட பிள்ளை எப்படி இருக்கிறா? எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை புது பாட்ச்சுக்கு ஒரு இலவசக் கருத்தரங்கு வைக்கிறன். நீர் வந்து ரெண்டு வார்த்தை கதைக்க வேணும். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்து அம்மா அப்பாமார் நிறையப் பேர் வருவினம். உம்மைப் பாத்தா அவையளுக்கு ஒரு நம்பிக்கை வரும்.”

“கட்டாயம் வாறன் மிஸ்” என்றேன்.

கைபேசியை வைத்ததும் அம்மா கேட்டார். “என்ன செய்யப்போறாய்?”

“நடந்ததைக் கதைக்கப்போறன்.”

அம்மா என் நீலச் சல்வாரை எடுத்து இஸ்திரி போடத் தொடங்கினார்.

காலி வீதியில் ஒரு மண்டபம். பிள்ளைகளும் பெற்றோரும் நிறைந்திருந்தார்கள். பின்வரிசைகளில் எங்கள் பக்கத்து ஆட்கள், உடுப்பிலேயே தெரிந்தது. துணிக்கடைக்காரரின் மகள் சொன்னபடி முன்வரிசையில் இருந்தாள். மிஸ் என்னைத் தோளோடு அணைத்து மேடைக்குக் கொண்டுபோனார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் என்னிடம் வந்த பிள்ளை, இன்றைக்குப் பாருங்கள் என்று ஒலிவாங்கியில் சொன்னார். கை தட்டினார்கள்.

நான் முதலில் ஆங்கிலத்தில் கதைத்தேன். உச்சரிப்பில் ஒரு பிசகும் இல்லை. பின்வரிசையில் ஒரு தாய் மகளின் கையைத் தட்டிக் காட்டுவது தெரிந்தது. பிறகு தமிழுக்கு மாறினேன், அவர்களுக்கும் விளங்கட்டும் என்று.

“நான் இந்த வகுப்புக்குக் கொஞ்ச மாதம்தான் வந்தனான். ஒரு சொல்லைப் பிழையா வாசிச்சதுக்கு எனக்கு இங்க ஒரு பட்டம் வச்சவை. இந்தப் பாடம் எங்கட வீட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை எண்டு என்ர அம்மாவுக்குச் சொன்னவை. அதையும் என்னைக்கொண்டுதான் சொல்லுவிச்சவை. பிறகு ஒரு கேள்வி கேட்டதுக்குக் கலைச்சுவிட்டவை. என்ர ஏ இந்த வகுப்பில எடுத்தது இல்லை. மெரின் டிரைவில இருந்து எடுத்தது.”

மிஸ் சிரித்தபடியே ஒலிவாங்கிக்குக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் வரேல்லை. புதுப் பிள்ளைகளுக்கும் இதே நாடகம்தான் பாடம்.” பையிலிருந்து நாடகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தை வாசித்தேன், யன்னல்கள், விளக்கு, இருட்டு, திரை. புத்தகத்தைத் திறந்தபடியே அவரிடம் நீட்டினேன். “தாய் மன்னிக்கிற அந்த வரி எங்கே, மிஸ்?”

அவர் புத்தகத்தை வாங்கவில்லை. சபையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்து மூடினார். இதையெல்லாம் பிறகு கதைக்கலாம், நேரம் போகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் எழுந்தார். வத்தளைக்காரர் என்று பிறகு அறிந்தேன்.

“மிஸ், அந்தப் பிள்ளை கேட்டதுக்கு ஒரு பதிலச் சொல்லுங்களேன். எங்க பிள்ளையும் இதத்தானே படிக்கப்போகுது.”

பதில் வரவில்லை. அந்த மௌனத்தை நான் ஒவ்வொரு சொட்டாகக் குடித்தேன். அவருடைய மேலுதட்டில் வியர்வை அரும்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான் அவருக்காக இரங்குவேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. இரக்கம் வரவேயில்லை.

ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு இறங்கினேன். எனக்குப் பின்னால் சில கதிரைகள் நகரும் சத்தம் கேட்டது.

அன்று மாலை மிஸ்ஸின் கணவர் அப்பாவை அழைத்து, மானநஷ்ட வழக்குப் போடுவோம், புதுக்கடை நீதிமன்றத்துக்கு இழுப்போம் என்றார். அப்பா திருத்திக்கொண்டிருந்த கைபேசியைக் கீழே வைக்காமலே, “வாங்க, போவம். என்ர பிள்ளையின்ர படத்தை ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள் எண்டு நானும் கேக்க இருக்கு” என்றார். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை.

பனரை அவர்கள் கழற்றவில்லை. என் முகத்தின் மேல் வேறொரு பிள்ளையின் முகத்தை ஒட்டினார்கள். கழுத்தும் காலரும் டையும் என்னுடையவை. கீழே இருந்த ‘கொட்டாஞ்சேனை’யையும் அப்படியே விட்டுவிட்டார்கள். மழையில் அந்த முகம் ஒரு பக்கம் உரிந்து, என் காது வெளியே வந்ததைப் பிறகொரு நாள் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்துக்கே இடம் கிடைத்தது. அங்கே முதல் வாரமே ஒரு விரிவுரையாளர், நீங்கள் ஏன் இலக்கியம் படிக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மனிதர்களைப் புரிந்துகொள்ள, உலகத்தைப் பார்க்க என்றெல்லாம் சொன்னார்கள். நான் தேநீர் ஊற்றிய மகளின் கதையைச் சொன்னேன். அதுவும் உண்மைதான். மற்ற உண்மையை அங்கே சொல்ல முடியாது.

விரிவுரைகள் இல்லாத சனிக்கிழமைக் காலைகளில் அப்பாவின் கடைக்கு மேலே இருந்த சாமான் அறையைத் துப்புரவாக்கி ஒரு வகுப்புத் தொடங்கினேன். வெள்ளவத்தை வகுப்பு நடக்கும் அதே நேரம். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தை வைத்தேன். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பிள்ளைகள் வந்தார்கள். கருத்தரங்கில் எழுந்து கேட்ட அந்தத் தகப்பனின் மகளும் வந்தாள். நாங்கள் குறிப்பு எழுதுவதில்லை. நாடகத்தை முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கிறோம். பிழையாக வாசித்தால் சரியான உச்சரிப்பை நான் உடனே சொல்லிவிடுகிறேன். அவர்களும் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்கள். அக்கம்பக்கத்தில் இதைச் சேவை என்கிறார்கள். கோவிலடியில் ஒரு அன்ரி என் கன்னத்தைத் தடவி, நல்ல மனசு உனக்கு என்றார். பக்கத்தில் நின்ற அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “இனிப் போதும்தானே?” என்றார்.

“என்னது?”

“அந்த மனுசியோட உன்ர கணக்கு.”

“தெரியாது அம்மா” என்றேன். அவர் தேங்காய் திருவப் போனார். அம்மாவுக்கு அது கருத்தரங்கோடு தீர்ந்துவிட்டது. அவரைத்தான் அதிகம் அவமானப்படுத்தினார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் அதைச் சுமக்கவில்லை. அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்கவும் எனக்கு விருப்பமில்லை. எனக்குச் சுமக்கப் பிடித்திருக்கிறது.

இந்த வருடம் புது வகுப்புகள் தொடங்கும் காலத்தில் ஒருநாள் மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். துணிக்கடைக்காரரின் மகள் அழைத்தாள். அவள் இப்போது வாப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த ஒழுங்கை அவள் தினமும் கடந்து போகும் வழி.

“நியூஸ் ஒண்டு ஈக்கி” என்றாள். “மிஸ் சனிக்கிழம பாட்ச்ச நிப்பாட்டிட்டாங்களாம். பிள்ளைங்க சேரல்லயாம். மேல்மாடிய வாடகைக்கு விடப்போறாங்க. போர்ட் போட்டு ஈக்கி.”

வலது கையில் சோறு. இடது கையால் கைபேசியைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தேன்.

“இன்னொருக்காச் சொல்லு” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள்.